சித்தூர் மாப்பிள்ளையும் பதினாறாம் நம்பர் அறையும்

திருச்சானூர் ஷேர் ஆட்டோவில் டிரைவர் ஒரே வாக்கியத்தைத் தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடிக்கிறார். "தள்ளி குந்தும்மா, இங்கொகரு வஸ்தாரு." இன்னொருவர் ஏறுவாராம். வண்டியில் யாருக்கும் இது விசித்திரமில்லை. நாகர்கோவிலிலிருந்து பிழைக்க வந்த எனக்குத்தான் இன்னும் தலை சுற்றுகிறது. மொழிகளை ஒட்டுவதில் இந்த ஊர்க்காரர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை, ஆனால் கம்ப்யூட்டர் மொழிகளுக்கு அந்தத் தாராளம் கிடையாது.

திருப்பதி ஆபீஸில் என்னோடு வேலை செய்யும் முனிரத்தினம் நகரிப் பக்கத்துத் தமிழன். திருச்சானூர் லாட்ஜ் ஒன்றின் பழைய ப்ரோகிராமை வேறு மொழிக்கு மாற்றிக்கொண்டிருந்தான். பழையதில் இரண்டாம் மாடி, பதினான்காம் அறை என்பதை பிளஸ் போட்டால் 214 என்று ஒட்டித் தரும். புதியதில் ஒட்டுவதற்குப் புள்ளி வைக்க வேண்டும். பிளஸ் போட்டால் கூட்டித் தொலைத்துவிடும். எல்லா இடத்திலும் மாற்றினாயா என்று கேட்டேன். "மாத்திட்டேன், கவலைய வுடுக்கா" என்றான். பில்லில் மாற்றியவன், தங்க வருபவர்களின் போனுக்கு அறை எண் சொல்லிப் போகும் மெசேஜில் விட்டுவிட்டான். தங்கை கல்யாண அவசரம் அவனுக்கு. கல்யாணமும் அதே லாட்ஜில், புது ப்ரோகிராமின் வெள்ளோட்டமும் அன்றுதான்.

மாப்பிள்ளை சித்தூர்த் தெலுங்குக் குடும்பம். முகூர்த்தத்தில் நடுவே திரை பிடித்து, சீரகமும் வெல்லமும் ஒருவர் தலையில் ஒருவர் வைக்கும்வரை பெண்ணும் மாப்பிள்ளையும் அன்று முகம் பார்க்கக் கூடாது. இதில் மட்டும் பிசகக் கூடாதென்று மாப்பிள்ளையின் அம்மா முன்பே சொல்லியிருந்தார். எங்கள் ஊரிலோ முந்தின நாளே ஜோடிப் படம் வாட்ஸாப்பில் வந்துவிடும். என் கல்யாணத்தன்று, தாலி கட்டும் முன்பே என் வீட்டுக்காரர் என் தட்டிலிருந்து வடையை எடுத்துத் தின்றார். நல்ல மனுஷன்!

பெண் வீட்டாருக்கு 214, மாப்பிள்ளை வீட்டாருக்கு 115. இரண்டும் பதினான்கும், ஒன்றும் பதினைந்தும் என்று கூட்டிப்போட்டு, இரண்டு பேர் போனுக்கும் வந்தது 16. கீழ்த்தளத்தில் நிஜமாகவே அப்படியோர் அறை இருந்து தொலைத்தது. பெண் அந்த அறைக்குள் தலை பின்னிக்கொண்டிருக்க, வாசலில் நின்ற நான் வராந்தா முனையில் பெட்டியோடு மாப்பிள்ளை வருவதைப் பார்த்தேன். முனிரத்தினத்தின் முகம் வெளுத்துவிட்டது.

"பாத்துட்டா அவ்ளோதான்க்கா. என் தங்கச்சிய காலத்துக்கும் சொல்லிக் காட்டிக்கினு இருப்பாங்க."

கட்டில் பெட்ஷீட்டை உருவி வராந்தாவின் குறுக்கே ஆளுக்கொரு முனையாகப் பிடித்தோம். அதன் மறைவில் பெண் பாதிப் பின்னலோடு மாடிப்படிக்கு நகர்ந்தாள். அதற்குள் மாப்பிள்ளையின் அம்மா வந்துவிட்டார். நடந்ததை முனிரத்தினம் தெலுங்கில் திக்கித் திணறிச் சொன்னான். அந்த அம்மாள் அவன் கையிலிருந்த முனையைத் தானே வாங்கிப் பிடித்துக்கொண்டு, தங்கையோடு போகச் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பிறகு துணிக்கு மேலாக என்னைப் பார்த்துக் கேட்டார்: "மீரு எவரி தரபு?"

பெண் வீடா, மாப்பிள்ளை வீடா, எந்தப் பக்கத்து ஆள் என்கிறார். என் முனையை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தேன்.