ஒரு நம்பர் பெரிய ஷூ

நாற்பத்தாறு வயதுவரை என் கால் சைஸ் என்னவென்று எனக்குத் தெரியாது. சிரிக்காதீர்கள், உங்களில் பாதிப் பேருக்கும் தெரிந்திருக்காது. சின்ன வயதில் பள்ளி திறக்கும்போது அப்பா கடைக்குக் கூட்டிப் போய், "வளர்ற புள்ள, ஒரு நம்பர் பெருசாவே குடுங்க" என்பார். முனையில் பஞ்சு திணித்துப் போட்டுக்கொண்டு போவேன். வளர்ந்து, வேலைக்கு வந்து, இரண்டு பிள்ளைகளைப் பெற்ற பிறகும் கடையில் என் வாயிலிருந்து தானாக வருவது அதே பேச்சுதான். செருப்பில் இப்படியே காலம் தள்ளிவிடலாம். டேபிள் டென்னிஸ் ஆடப் போனபோதுதான் வம்பு.

திண்டிவனத்தில் எங்கள் அலுவலக மாடியில் ஒரு டேபிள் கிடக்கிறது. நானும் பக்கத்து சீட் அக்காவும் மதியச் சாப்பாட்டை அவசரமாக முடித்துவிட்டு ஆடப் போய்விடுவோம். காலையில் நான் விழுப்புரத்தில் ரயில் ஏறுவேன், அவர் மயிலத்தில் ஏறுவார். ஆறு வருடமாகத் துறைப் போட்டியில் பெண்கள் இரட்டையர் என்றால் நாங்கள் இருவர்தான். ஆறு வருடமும் முதல் சுற்றிலேயே மூட்டை கட்டினோம். ஏழாவது வருடம் அப்படி விட முடியாது, ஏனென்றால் அது அக்காவுக்குக் கடைசிப் போட்டி. "ரிட்டயர் ஆவறதுக்குள்ள ஒரு ரவுண்டு ஜெயிச்சிட்டா போதும்மா" என்று அவரே ஒருநாள் சொல்லிவிட்டார். எதையும் கேட்காத மனுஷி கேட்டது அந்த ஒன்றுதான்.

கோளாறு முழுக்க என்னிடம். வலது ஓரத்துக்குப் பந்து வந்தால் நான் போய்ச் சேரும்போது அது சுவரில் மோதித் தரையில் உருண்டுகொண்டிருக்கும். முதலில் நடைப்பயிற்சிக்கு வாங்கிய ஷூவில் ஆடினேன். பிறகு ஓடுகிறவர்கள் போடும் ஷூ. அதன் குதிகால் செங்கல் உயரம். பக்கவாட்டில் திரும்பினால் கணுக்கால் மடங்கும். அதை மாற்றி இன்னொன்று. எல்லாமே ஒரு நம்பர் பெரியது, எல்லாவற்றிலும் இரண்டு சாக்ஸ். கட்டைவிரல் நகம் வருடத்துக்கு இரண்டு முறை கறுக்கும். வயதாகிவிட்டது, வேறென்ன என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி கல்லூரி அணியில் ஆடியவள். போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது ரயிலில் அக்காவிடம் சொன்னேன்.

"அக்கா, இந்த வாட்டி அந்தப் பொண்ணுகூட ஆடுங்க. எங்கூட ஆடினா மறுபடியும் தோப்பீங்க."

அக்கா அவித்த மல்லாட்டைக் கடலையை உரித்துக்கொண்டிருந்தார். நிமிரக்கூட இல்லை. "இன்னாமா, காலங்காத்தால பேஜாரு பண்ணிக்கினு. உன் ஷூவப் பாரு, வாயப் பொளந்துக்கினு நிக்குது. மொதல்ல அத மாத்து. ஆள மாத்தறத அப்பறம் பாக்கலாம்."

அன்று மாலையே விழுப்புரத்தில் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும்.

"டேபிள் டென்னிஸ் ஆடறதுக்கு. ஒரு நம்பர் பெருசா குடுங்க."

"யாருக்கு மேடம்?"

"எனக்குத்தான்."

மனிதர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க இன்னும் வளர்றீங்களா?"

எனக்குச் சுரீரென்று வந்தது. வேறு கடையே இல்லையா இந்த ஊரில் என்று விருட்டென்று திரும்பினேன். கால் திரும்பியது, ஷூ திரும்பவில்லை. அது குதிகாலை விட்டுக் கழன்று அவர் கடையிலேயே நின்றது. அதன் பிறகு கோபித்துக்கொண்டு போவது எப்படி? உட்கார்ந்தேன். அவர் சிரிக்காமல் ஒரு அளவுப் பலகையை எடுத்துவந்து என் காலை வைக்கச் சொன்னார்.

"அஞ்சு. நீங்க போட்டுக்கினு வந்தது ஆறு. ஆட்டத்துல சைடுல போய் நிக்கறீங்க இல்ல, அப்ப ஷூ நின்னுடுது, உங்க கால் உள்ளயே போய்க்கினு இருக்குது. அப்பறம் எப்படிங்க அடுத்த அடி எடுத்து வைப்பீங்க?"

அடிப்பாகம் மெல்லிசாக, குதிகால் தாழ்வாக, ரப்பர் தரையைக் கவ்வுகிற மாதிரி ஒரு ஜோடி கொடுத்தார். இறுக்குகிறது என்று சண்டை பிடித்தேன். "இறுக்கல மேடம், இதான் அளவு. உங்களுக்குப் பழக்கமில்ல" என்றார். கடையின் நடுவில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தாவிப் பார்த்தேன். பள்ளிக்கூடச் செருப்பு வாங்க வந்த ஒரு குடும்பம் வாங்குவதை விட்டுவிட்டு என்னைப் பார்த்தது. பார்க்கட்டும். நாற்பத்தாறு வயதில் முதல்முறையாக என் காலும் ஷூவும் ஒரே இடத்தில் நின்றன.

மறுநாள் ரயிலில் காலை நீட்டிக் காட்டி, "ஆள மாத்த வேணாம்க்கா" என்றேன். "நான் எப்ப மாத்தறேன்னு சொன்னேன்?" என்றார்.

போட்டி சனிக்கிழமை, விழுப்புரத்தில். முந்தின வருடம் எங்களைத் தோற்கடித்த அதே ஜோடி எதிரில். மூன்று கேமில் முதலாவது போய்விட்டது. இரண்டாவதில் வலது ஓரத்துக்கு ஒரு பந்து வந்தது. பந்தும் நானும் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தோம். அந்த ஆச்சரியத்தில் நெட்டில் அடித்துத் தொலைத்தேன். அடுத்ததும் அதே ஓரம். இந்த முறை திருப்பி அனுப்பினேன்.

அக்கா திரும்பி என் காலைப் பார்த்தார். பிறகு அவர் முறை வந்ததும் பந்தை ஓங்கி ஒரே அறை. எதிரில் நின்றவள் மட்டையைத் தூக்கக்கூட இல்லை. ஆறு வருடத்தில் அக்கா அடித்து நான் பார்த்ததே கிடையாது. மெதுவாக நடுவில் எடுத்து வைப்பார், அவ்வளவுதான். அந்த கேம் எங்களுக்கு.

மூன்றாவதுக்கு முன் முகம் துடைத்துக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன். "இந்த அடிய இத்தன வருஷமா எங்கக்கா வச்சிருந்தீங்க?"

"அது எப்பவும் உண்டு. நான் அடிச்சா அவங்களும் வேகமா ஓரத்துக்குத் திருப்புவாங்க. மாத்தி மாத்தி ஆடறோம், அடுத்த பந்து உன்னுது. நீ ஓட முடியாம அவதிப்படுவ. அதான் அடிக்கல."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வெட்கமாகவும் இருந்தது. ஆறு வருடம் அவரைத் தோற்க வைத்தது நான் என்று மட்டும்தான் எனக்குத் தெரியும். அவர் தெரிந்தே தோற்றார் என்று தெரியாது.

"அடிங்கக்கா. எவ்ளோ வேகமா வேணும்னாலும் அடிங்க. நான் போறேன்."

அடித்தார். முதல் சுற்றை ஜெயித்தோம். இரண்டாவது சுற்றில் என் மகள் வயதுப் பெண்கள் இருவர் எங்களைக் கால் மணி நேரத்தில் சுருட்டி அனுப்பினார்கள். அந்தக் கடைசிப் புள்ளிவரை அக்கா ஒரு பந்தைக்கூட மெதுவாக வைக்கவில்லை.