அல்ஹம்ப்ரா வாசலில் சஹன் சோறு

ரீட்டா மிஸ்ஸின் டூர் கந்தோரில் சமையல் வேலைக்கு இரண்டு பெண்பிள்ளைகள் புதிதாகச் சேர்ந்திருக்கிறார்கள். "வெளிநாட்டுக்குப் போய்ச் சமைக்கிறது எப்பிடி அக்கா, கொஞ்சம் எழுதித் தாங்களன்" என்று கேட்டார்கள். எனக்கு ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. நாலு பேருக்கு முன்னால் நின்று கதைக்கக் கூச்சம். எழுதினால் யாரும் முகத்தைப் பார்க்கமாட்டார்கள். அதனால் எழுதுகிறேன்.

1. பார்சலோனா, முதல் நாள்

மிஸ் மட்டக்களப்பிலிருந்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு லூர்து, பாத்திமா என்று யாத்திரை போவா. இடையில் ஸ்பெயின். போகிறவர்கள் பென்சன் எடுத்த டீச்சர்மார், நேர்ஸ்மார், கடைக்காரர். இவர்களுக்கு எந்த மாதாவைப் பார்த்தாலும் மத்தியானம் சோறு வேணும். அதற்குத்தான் என்னைக் கூட்டிப் போனா. அதுவரைக்கும் நான் கல்யாண வீடுகளுக்குச் சமைத்தவள். விறகடுப்பும் பெரிய கிடாரமும்தான் பழக்கம்.

பார்சலோனாவில் குசினியோடு சேர்ந்த அறைகள் எடுத்திருந்தோம். விடியக் காலையில் இரண்டு ரைஸ் குக்கரையும் கேத்திலையும் ஒன்றாகப் போட்டேன். டப் என்று ஒரு சத்தம். அந்த மாடி முழுக்க இருட்டு. மிஸ் போன் வெளிச்சத்தோடு ஓடி வந்தா.

"என்ன ஞானம்மாக்கா, கரண்டையும் சேர்த்து அவிச்சிட்டீங்களா?"

எனக்குக் கண்ணில் தண்ணி வந்துவிட்டது. மிஸ் ஏசவில்லை. ஒரு ஆளைக் கூப்பிட்டுச் சுவிட்சைத் தூக்கிவிட்டா. பிள்ளைகளே, இதை முதல் பாடமாக வையுங்கள். அங்கத்தைய குசினியில் ஒன்று முடிந்த பிறகுதான் மற்றது.

அன்றைக்குச் சமையல் பிந்தியது. கட்டி முடித்த பாடும் இல்லாத அந்தப் பெரிய கோயிலைப் பார்க்க எல்லோரும் உள்ளே போனார்கள். நான் பஸ்ஸில் இருந்து இரவுக்கு வெங்காயம் உரித்தேன். கழுத்தை வளைத்தால் கோபுரங்களின் நுனி தெரிந்தது. திரும்பி வந்தவர்கள், கண்ணாடியால் வாற வெளிச்சம் பச்சையும் சிவப்புமாகத் தரையில் கிடந்தது என்று கதைத்துக்கொண்டே சோற்றைத் தின்றார்கள். சோறு பதமாக இருந்தது என்று ஒரு டீச்சர் சொன்னா. எனக்கு அது போதும் என்று நினைத்தேன்.

2. மாட்ரிட், செவில்யா

அடுத்த பயணமும் அதே மாதிரித்தான். மாட்ரிட்டில் அரண்மனையின் வெளி மதிலைப் பார்த்தேன். செவில்யாவில் பெரிய கோயிலின் மணிக்கூண்டு எங்கட குசினி யன்னலுக்கு நேரே நின்றது. பருப்பைக் கடைந்து முடிக்குமட்டும் அதைப் பார்த்தபடி நிற்பேன்.

ஆனால் செவில்யாச் சந்தை எனக்கு மறக்காது. எனக்கு அவர்கள் பாஷை தெரியாது. மீன்காரி எடுத்துத் தந்த சூரையின் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தேன். இரண்டாவதையும் வைத்தேன். அவள் சிரித்துக்கொண்டு, நீயே எடு என்று கையைக் காட்டி விலகி நின்றாள். வாவிக்கரையில் பிறந்தவளுக்கு மீன் பார்க்கப் பாஷை வேண்டியதில்லை. அன்று பொரித்த மீனுக்கு அடுத்த அறை வெள்ளைக்காரர் வந்து கதவைத் தட்டினார்கள். புகைக்குச் சண்டை பிடிக்க வந்தார்கள் என்று பயந்துபோனேன். தட்டோடு வந்திருந்தார்கள்.

மூன்றாவது பயணத்துக்கு முன்னம் கந்தோருக்குப் போனேன். மிஸ் கம்ப்யூட்டரில் டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தா. கிரனாடா நகரில் அல்ஹம்ப்ரா என்று பழைய அரபு ராஜாக்களின் அரண்மனை இருக்கிறது. அதற்கு ஒவ்வொருவரின் பெயரும் பாஸ்போட்டும் கொடுத்துத்தான் டிக்கெட் எடுக்க வேணும். நான் கதவோடு கொஞ்ச நேரம் நின்றேன்.

"என்னக்கா, ஏதும் சாமான் வேணுமா?"

"எனக்கும் ஒண்டு போடுவீங்களா மிஸ்?"

மிஸ் திரும்பிப் பார்த்தா. "உங்களுக்கு உள்ளுக்குப் போக விருப்பமா? ஒருநாளும் சொல்லல்லையே."

"விருப்பம் மிஸ்."

வேறொன்றும் கேட்காமல் என் பெயரைப் போட்டா.

3. கிரனாடா, பைன் மரத்தடி

அந்தப் பயணத்தில் காத்தான்குடி ஹாஜியார் ஒருவரும் அவருடைய மனைவி பரீதாவும் சேர்ந்திருந்தார்கள். ஹாஜியாருக்குப் புடவைக் கடை. அல்ஹம்ப்ராவைப் பார்க்கத்தான் அவர் வந்தவர். பென்சன் எடுத்த போஸ்ட்மாஸ்டர் ஒருவரும் வந்திருந்தார். அவர் ஒவ்வொரு நாளும் என் சோற்றில் ஒரு பிழை கண்டுபிடிப்பார். "இது சோறா, வீடு கட்டுற சாந்தா, புள்ள?" என்பார். இரண்டாம் தரமும் கேட்டு வாங்கித் தின்பார்.

பஸ் எங்களை வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. அரண்மனைக்குள் போக எங்களுக்குத் தந்த நேரம் பதினொன்றரை. அந்த நேரம் தப்பினால் டிக்கெட்டுக்கு மதிப்பில்லை. மத்தியானம் உள்ளே தோட்டத்தில் இருந்து தின்னலாம் என்று நினைத்து, மஞ்சள் சோறு, சூரை பொரியல், கத்தரிக்காய் ஆணம், மாசிச் சம்பல் எல்லாவற்றையும் சட்டி சட்டியாகப் பையில் போட்டு இறக்கினோம். எங்கட ஆட்களுக்குத்தான் இந்தப் பிழை வரும். கோயில் திருவிழாவுக்குப் போகிற மாதிரி அரண்மனைக்குப் போனோம்.

வாசல்காரன் தலையை ஆட்டினான். சாப்பாடு உள்ளே போகாது. பக்கத்தில் பை வைக்கிற அறை இருந்தது. அங்கேயும் சாப்பாடு உள்ள பையை எடுக்கமாட்டோம் என்றார்கள். மிஸ் ட்ரைவருக்குப் போன் எடுத்தா. அந்த நாட்டில் ட்ரைவர்மார் கட்டாயம் ஓய்வு எடுக்க வேணும். அவன் போனை எடுக்கவில்லை, நிற்பாட்டிவிட்டுப் படுத்திருப்பான்.

எல்லோரும் சோற்றைப் பார்த்தார்கள். மறுகா என்னைப் பார்த்தார்கள்.

மிஸ் மெதுவாகச் சொன்னா. "ஞானம்மாக்கா, நீங்க இதுகளோட இந்த மரத்தடியில இருங்களன். நாங்க கெதியா வந்திருவம்."

"சரி மிஸ்" என்று என் வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது. டிக்கெட் என் கையில் இருந்தது. அதை மடித்துச் சட்டைக்குள் வைத்தேன்.

பரீதா என் பக்கத்தில் நின்றவ. "அக்கா, உங்களுக்கும் டிக்கெட் இருக்கெலுவா?" என்று கேட்டா.

"இருக்கு. ஆனா சோத்துக்கு ஒரு ஆள் வேணுமே."

சொல்லும்போதே எனக்கு ஒன்று பட்டது. கூச்சத்தை விட்டுக் கேட்டேன். "சோறு முடிஞ்சாக் காவல் தேவையில்லத்தானே. இப்பவே தின்னுவமா?"

"பத்து மணிக்கு ஆர் சோறு தின்னுற?" என்றார் போஸ்ட்மாஸ்டர்.

"நேத்து பத்து மணிக்கு நீங்க ரெண்டு பணிஸ் தின்னதை நான் கண்டன், மாஸ்டர்" என்றார் ஹாஜியார்.

எல்லோரும் சிரித்தார்கள். மிஸ் மணிக்கூட்டைப் பார்த்தா. "சரி, கெதியா. தட்டுகளை எடுங்க."

தட்டுப் பெட்டி பஸ்ஸில் போய்விட்டது.

அப்போது பரீதா குனிந்து என் பெரிய சட்டியின் மூடியைக் கழற்றிக் கவிழ்த்துப் பார்த்தா. வாய் அகன்ற சில்வர் மூடி.

"சஹன் வைப்பமே" என்றா.

அவர்கள் பக்கத்தில் விருந்துக்கு ஒரு பெரிய தட்டில் சோற்றைக் குவித்து, சுற்றி ஐந்தாறு பேர் இருந்து தின்பார்கள். அதுதான் சஹன். எங்கட டீச்சர்மாரில் அப்படித் தின்று பழகினவர்கள் இல்லை. பரீதா விடவில்லை. "அவங்கவங்கட முன்னால உள்ளதை மட்டும் தின்னுங்க. மற்றாளுட பக்கம் கை போகப்படா. எல்லாரும் தின்னு முடிக்குமட்டும் ஒரு ஆளும் எழும்பப்படா" என்று சொல்லிக்கொண்டே துணியை விரித்தா.

நான் மூடிகளில் சோற்றைக் குவித்தேன். நடுவில் ஆணம், சுற்றி மீன், ஓரத்தில் சம்பல். போத்தல் தண்ணியால் எல்லோருக்கும் கை கழுவ ஊற்றினேன். வழமைபோல் தள்ளி நின்றேன். பரீதா என் சீலையைப் பிடித்து இழுத்தா.

"இரிங்க அக்கா. நீங்க நிண்டா இந்த சஹன்ல ஒரு பக்கம் குறையும்."

கல்யாண வீடுகளில் சமைத்தவள் பந்தியில் இருந்ததில்லை. அன்றைக்கு இருந்தேன். எனக்கு ஒரு பக்கம் பரீதா, எதிரே போஸ்ட்மாஸ்டர். மனுசன் முதலில் கையை மடியில் வைத்துக்கொண்டு மரத்தைப் பார்த்தார். மறுகா ஓரத்தில் கொஞ்சம் கிள்ளினார். மறுகா தின்னத் தொடங்கினார். ஆனால் தின்பது ஆறுதலாக. மற்ற சஹன்கள் எல்லாம் முடிந்துவிட்டன. எங்கள் சஹனில் அவர் முன்னால் மட்டும் சோறு கிடந்தது. பதினொன்று தாண்டிவிட்டது. எழும்பவும் ஏலாது.

"மாஸ்டர், ராஜா உங்களுக்காகக் காத்துக்கொண்டிருக்கார்" என்றார் ஹாஜியார்.

"தின்னுற மனுசனை அவசரப்படுத்தாதீங்க" என்றார் போஸ்ட்மாஸ்டர். கடைசி மீன் துண்டின் முள்ளை எடுத்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "புள்ள, அந்தச் சம்பல் மிச்சம் கிடக்கா?"

"முடிஞ்சு ஐயா."

"முடியத்தானே வேணும்" என்று கையை நீட்டினார். தண்ணி ஊற்றினேன்.

சட்டிகளைத் துடைத்து ஒன்றுக்குள் ஒன்று போட்டோம். பைகளை மடித்தோம். வெறும் சட்டி என்றதும் பை அறைக்காரன் வாங்கி வைத்தான். எங்கள் ஆட்கள் ஒரு பருக்கை விடாமல் பொறுக்கி மரத்தடியைத் துப்புரவாக்கினார்கள்.

4. உள்ளுக்கு

அரண்மனை வாசல் தூரம். வேகமாக நடந்தோம். வரிசை உள்ளே போய்க்கொண்டிருக்கும்போது சேர்ந்துகொண்டோம். வாசலில் நின்ற பெண் என் பாஸ்போட்டை வாங்கி, டிக்கெட்டோடு பெயரை ஒத்துப் பார்த்தா. "ஞானம்மா" என்று அவ பாஷையில் நீட்டிச் சொல்லிவிட்டு, போ என்று கையைக் காட்டினா.

அந்த இடத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. சுவரெல்லாம் பூவேலை, ஒரு உள்ளங்கை அகலம் கூட வெறுமையாய் இல்லை. கூரை தேன்வதையைக் கவிழ்த்த மாதிரிக் கிடந்தது. ஒரு முற்றத்தில் கல்லுச் சிங்கங்கள் வட்டமாக நின்று தொட்டியைச் சுமந்தன. இன்னொரு முற்றத்தில் நீளமான குளம், அதற்குள் ஒரு முழுக் கோபுரம் தலைகீழாக நின்றது. அசையாத தண்ணி எனக்குப் புதுமை இல்லை. ஆனால் அதைச் சுற்றி இப்படி ஒரு வீடு கட்டலாம் என்று நினைத்த மனுசர் இருந்திருக்கிறார்களே என்று நின்றுவிட்டேன்.

ஹாஜியார் சுவரில் இருந்த அரபு எழுத்தைத் தொடாமல் விரலால் காற்றில் தடவித் தடவி வாசித்தார். பரீதா கண்ணைத் துடைத்தா. போஸ்ட்மாஸ்டர் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"எப்பிடிப் புள்ள?"

"நல்லா இருக்கு ஐயா."

"ராஜாட குசினி எங்க எண்டு பார்த்தியா? காட்டுறானுகள் இல்லையே" என்றார்.

நானும் அதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். அவ்வளவு பேருக்கும் எங்கேயோ ஒரு இடத்தில் அடுப்பு எரிந்திருக்கும்.

5. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு

டிக்கெட்டில் நேரம் போட்ட நாளில் சோறு இறக்காதீர்கள். காலையில் ரொட்டியும் சம்பலும் கொடுத்து, சோற்றை மாலைக்கு வையுங்கள். தட்டுப் பெட்டி எந்த நாளும் உங்கள் கையில் இருக்க வேணும். மூடி வாங்கினால் அகலமான மூடியாக வாங்குங்கள்.

பயணம் பேசும்போது சம்பளத்தைக் கேட்கிற வாயால் டிக்கெட்டையும் கேளுங்கள். வெட்கமாகத்தான் இருக்கும். மிஸ் நல்ல மனுசி, கேட்டால் போடுவா. கேட்காவிட்டால் அவவுக்கு எப்படித் தெரியும்? நான் ஸ்பெயினுக்குச் சமைக்கத்தான் போனேன். ஒரு அரண்மனையை உள்ளே போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.