மாடியறையில் நின்ற இன்னொரு பெரியம்மா

பெரியம்மாவுக்குச் செய்வினை வைத்தது யார் என்பதை எட்டு வயதில் நானே கண்டுபிடித்தேன். வைத்தது பெரியம்மாவேதான்.

நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். தியாகராய நகரில் பெரியப்பாவின் ஜவுளிக்கடைக்கு மேலேயே எல்லோரும் ஒன்றாகக் குடியிருந்தோம். எழுபதுகளின் தொடக்கம். பெரியம்மா அடையாறு ஆஸ்பத்திரிக்குப் பல மாதம் போய்வந்தாள். ஊருக்கு வயிற்றுப்புண் என்று சொன்னார்கள். புற்று வந்து இடது மார்பை எடுத்துவிட்டார்கள் என்பது பெரியவர்களோடு நின்ற செய்தி. எனக்குத் தெரிந்ததெல்லாம் முந்தானைக்குள் எட்டிப்பார்த்த ஊதா மைக் கோடுகளும், அங்கே கரண்டு வைக்கிறார்கள் என்பதும்தான்; கதிர்வீச்சு சிகிச்சைக்கு வீட்டில் சொன்ன பெயர் அது. சுவிட்சைத் தொட்டாலே எங்களுக்கு அடி விழும் வீட்டில் பெரியம்மாவுக்கு மட்டும் எதற்குக் கரண்டு?

ஒரு மத்தியானம், துணி மூட்டை அடுக்கும் மாடியறையில் அவள் முதுகு காட்டி நின்றாள். கூப்பிட்டேன், திரும்பவில்லை. சுற்றிப்போய்ப் பார்த்தால் மூக்குடைந்த கடைப் பொம்மை. உடம்பில் பெரியம்மாவின் பச்சைப் பட்டு ரவிக்கை. இடது மார்பை யாரோ சீவியெடுத்திருந்தார்கள். காலடியில் வெள்ளைப் பொடி. அந்தப் பக்கம் முழுக்கக் குண்டூசிகள்.

பொம்மையில் ஊசி குத்தி ஆளைக் கொல்லும் கதைகளைக் கேட்டு வளர்ந்தவள் நான். ஊசிகளைப் பிடுங்கினேன்.

"ஏட்டி, எதுக்கு அதப் புடுங்குத?" பின்னால் நிஜப் பெரியம்மா.

"செய்வினை பெரிம்மா! யாரோ வச்சிருக்காங்க!"

"நாந்தாட்டி வச்சேன்." ஊசிகளை வாங்கி ஒவ்வொன்றாகத் திரும்பக் குத்தினாள். "யார்ட்டயும் சொல்லாத. அக்கா கல்யாணம் நின்னு போயிரும்."

அக்கா என்றது அவள் மகளை. அன்று சாயங்காலம் பெரியப்பாவிடம் அவள் சொன்னதைக் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டேன்.

"வயித்துச் சதைய எடுத்து வச்சுத் தைக்கலாமாம். ஆனா கரண்டு வச்ச தோலு தையலத் தாங்காதுன்னுட்டாரு டாக்டரு."

"வெளிநாட்டுல ரப்பர் பை வைக்காங்களாமே?"

"அதுவும் இந்தத் தோல்ல நிக்காதாம். பஞ்சே போதும். டெய்லர்ட்ட போனா ஊரெல்லாம் தெரிஞ்சிரும், பொம்மைக்குப் போட்டு அளவு பாத்து நானே தச்சிக்கிடுதேன். சம்பந்தியம்மா கண்ணுக்குத் தப்புனாச் சரி."

கல்யாணத்தில் பெரியம்மா அதே பச்சை ரவிக்கையில் இரண்டு பக்கமும் ஒன்றுபோல நின்றாள். சம்பந்தியம்மா கட்டிக்கொண்டபோது மூச்சே விடவில்லை. தாலி ஏறியது. அப்புறம்தான் நாற்காலியில் சாய்ந்தாள். நான் மடியில் ஏறி, வழக்கம்போல இடப்பக்கம் காதை வைத்தேன்.

துடிப்பு இல்லை. அசைந்தால் உள்ளே ஏதோ சரசரவென்று சரிந்தது. பஞ்சு மேலே ஏறிவிடாமலிருக்கக் கடுகு கலந்திருந்தாளாம். அது எனக்குத் தெரிய இன்னும் பல வருஷம் இருந்தது. அப்போது எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: கல்யாணத்துக்கு வந்திருப்பது பொம்மை. பெரியம்மாவை மாடியறையில் விட்டுவிட்டு வந்திருக்கிறோம்.

வீடு திரும்பியதும் மேலே ஓடினேன். ரவிக்கையில்லாமல், இடப்பக்கம் தட்டையாக நின்றவளைக் கட்டிக்கொண்டேன்.

"பயப்படாத பெரிம்மா, நான் யார்ட்டயும் சொல்லல."

வாசலில் விம்மல் கேட்டது. பின்னாலேயே வந்த அந்தப் பொம்மை அழுதுகொண்டிருந்தது. நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.