பல்செட் அக்கா வரைந்த பெஞ்சு

பல்செட் அக்கா என்றால் அந்தத் தெருவில் யாருக்கும் அடையாளம் சொல்ல வேண்டியதில்லை. பல் மருத்துவர்களுக்குப் பொய்ப்பல் செய்து கொடுக்கும் ஒரு சின்னக் கூடத்தில் அவருக்கு வேலை. வாரம் முழுக்க மெழுகை வைத்து ஊரார் வாயைச் சீர்படுத்திவிட்டு, விடுமுறை நாள் வந்தால் மடக்கு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு நடைபாதைக்கு வந்துவிடுவார். மடியில் தடித்த தாள் வைத்த நோட்டு, ஒரு மைப்பேனா, கைக்கு அடக்கமான வர்ணப்பெட்டி, பழைய ஜாம் பாட்டிலில் தண்ணீர். இதை வைத்துக்கொண்டு அந்த மனுஷி பண்ணும் அட்டகாசம் இருக்கிறதே, சும்மா சொல்லக்கூடாது, பார்க்கக் கண் கோடி வேண்டும்.

பென்சில் கிடையாது, ரப்பர் கிடையாது. பேனாவோடு நேராக இறங்கிவிடுவார். கோடு தப்பினால் தப்பியதுதான். பக்கத்திலேயே சரியான கோட்டை இழுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். பஸ்ஸைத் துரத்துகிறவர், லாரியிலிருந்து குளிர்பெட்டியை இறக்குகிறவர்கள், செருப்பு அறுந்து ஒற்றைக்காலில் நிற்கிற பெண், எல்லோரும் தாளுக்கு வந்துவிடுவார்கள். பிறகு தூரிகையை நனைத்து இங்கே ஒரு நீலம், அங்கே ஒரு காவி. அவ்வளவுதான், தெருவில் வெயில் அடிக்க ஆரம்பித்துவிடும்.

“எல்லாரும் உம்முனு இருக்காங்களேக்கா, ஒருத்தராவது சிரிக்கக் கூடாதா?” என்று ஒருமுறை ஜெராக்ஸ் கடைக்காரர் கேட்டார்.

“வாரம் பூரா பல்லைத்தான் பார்க்கிறேன். இன்னைக்காவது வாயை மூடிக்கிட்டு இருக்கட்டும்.”

ஒரு விஷயத்தில் மட்டும் அக்காவுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. “நான் பார்த்ததைத்தான் வரைவேன். இல்லாததைக் கொண்டுவந்து வைக்கிற வேலையே கிடையாது” என்று நின்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்வார். தெருவும் அதை நம்பியது. வம்பு அங்கேதான் வந்தது.

பஸ் நிறுத்தத்துப் பெஞ்சை அவர் வரைந்திருந்த படத்தை ஜெராக்ஸ் கடைக்காரர் ஆசையாகக் கேட்டு வாங்கிக் கடையில் மாட்டியிருந்தார். அதில் பெஞ்சில் இரண்டு பேர். ஒருவர் எதிர்வரிசையில் கைக்கடிகாரம் பழுது பார்க்கும் கடிகாரக்காரர். இன்னொருத்தி மஞ்சள் குடை பிடித்த ஒரு பெண். தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். கடிகாரக்காரரின் முகத்தில் அப்படியொரு நிம்மதி. படத்தைப் பார்த்தவர்கள் கண், காது, மூக்கு எல்லாம் வைத்துப் பேசினார்கள். கடைசியில் அது கடிகாரக்காரரின் மனைவி காதுக்கும் போனது. அவள் ஜெராக்ஸ் கடைக்கு வந்து படத்தைப் பார்த்தாள். அன்றைக்கே துணிப்பையோடு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் கடிகாரக்காரர் அக்கா வேலை செய்யும் கூடத்துக்கே வந்து நின்றார்.

“அக்கா, எனக்கு அந்தக் குடைக்காரி யாருன்னே தெரியாது. சத்தியமா தெரியாது. ஏன்க்கா அவங்களைக் கொண்டுவந்து என் பக்கத்துல உக்கார வச்சீங்க?”

அக்கா கையில் இருந்த பல்வரிசையை மேசையில் வைத்துவிட்டு யோசித்தார். அன்றைக்கு என்ன நடந்தது என்பது மெல்ல நினைவுக்கு வந்தது. கடிகாரக்காரர் காலையில் வந்து உட்கார்ந்தார். அவரை வரைந்து முடித்ததும் எழுந்து போய்விட்டார். மரத்தையும் கம்பத்தையும் வரைந்துகொண்டிருந்தபோது, வெயில் ஏறியபிறகு, மஞ்சள் குடை வந்தது. அந்த மஞ்சளை விட மனசில்லாமல் அதே பெஞ்சில் வரைந்துவிட்டார். தெருவில் உட்கார்ந்து வரைகிற எல்லோரும் இப்படித்தான் செய்வார்கள். மனிதர்கள் வருவார்கள், போவார்கள்; தாள் ஒன்றுதானே. போதாக்குறைக்குத் தாளில் பெஞ்சு அன்று நீளத்தில் குட்டையாக விழுந்திருந்தது. மையில் போட்டதை அழிக்க முடியுமா? இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டார்கள். ஈரம் காய்வதற்குள் அவசரப்பட்டதில் குடையின் மஞ்சள் கசிந்து கடிகாரக்காரரின் சட்டைத் தோளிலும் ஏறியிருந்தது. பார்ப்பவர்களுக்கு ஒரே குடைக்கீழ் இரண்டு பேர். கேட்க வேண்டுமா?

“நமக்கெதுக்கு வம்பு? புருஷன் பொண்டாட்டி விவகாரம், தானா அடங்கும். பேசாம இரு” என்றார் அக்காவின் வீட்டுக்காரர்.

“நான் போட்ட கோட்டால ஒரு வீடு பூட்டிக் கிடக்குது. பேசாம எப்படி இருக்கிறது?”

ஜெராக்ஸ் கடைச் சுவரிலிருந்து படத்தைக் கழற்றிக்கொண்டு அக்கா நேராக அந்த அண்ணன் வீட்டுக்குப் போனார். அடுத்தவர் வீட்டுப் படியேறி, அதுவும் தன் கர்வத்தைத் தானே உடைத்துப்போட, எத்தனை பேருக்கு மனம் வரும்? அக்காவுக்கு வந்தது. அதற்காகவே அவருக்கு ஒரு கும்பிடு போடலாம்.

“பார்த்ததைத்தான் வரைவேன்னு ஊருக்கெல்லாம் சொல்றீங்களேக்கா” என்றாள் கடிகாரக்காரரின் மனைவி. கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் அக்காவை அதிகம் குத்தியது.

“ரெண்டு பேரையும் பார்த்தேன்மா. ஆனா சேர்த்துப் பார்க்கலை. சேர்த்து வச்சது நான்தான். அது பொய். இதோ பாரு, அவர் நிழல் நீளமா மரம் வரைக்கும் போகுது. அந்தப் பொண்ணோட நிழல் காலடியிலயே சுருண்டு கிடக்குது. ஒரே நேரத்துல உக்கார்ந்திருந்தா இப்படி விழுமா?”

அவள் படத்தை வாங்கிப் பார்த்தாள். நிழலைப் பார்த்த மாதிரித் தெரியவில்லை.

“குடைக்காரியை விடுங்கக்கா. அவர் அப்படிப்பட்டவர் இல்லைன்னு எனக்கும் தெரியும்.” அவள் விரல் கடிகாரக்காரரின் முகத்துக்கு வந்து நின்றது. “இந்த முகம்? இதுவும் நீங்களா வச்சதா? கல்யாணமான நாள்ல இருந்து இப்படி ஒரு முகத்தை நான் வீட்டுல பார்த்ததே இல்லை. வந்தா சிடுசிடுன்னு இருப்பார். கண்ணை மூடிக்கிட்டுப் படுத்துடுவார். என்னைப் பிடிக்கலைன்னா சொல்லிட்டுப் போகலாமில்ல?”

ஆமாம், அதுவும் நானாக வைத்ததுதான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் பையை எடுத்துக்கொண்டு வீடு திரும்பிவிடுவாள். வார்த்தை அக்காவின் நாக்கு நுனிவரை வந்தது. மென்று விழுங்கினார்.

“இல்லைம்மா. முகம் நான் வச்சதில்லை. அவர் அப்படித்தான் இருந்தார்.”

சொல்லிவிட்டு, ஒட்டவைக்க வந்துவிட்டு உடைத்துவிட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டார். அவள் படத்தை அக்காவிடம் நீட்டினாள். பிறகு உள்ளே போய்த் தன் துணிப்பையோடு வந்தாள்.

“வாங்க. அந்த முகத்தை நான் என் கண்ணால பார்க்கணும்.”

வழியில் தன் வீட்டில் ஸ்டூலையும் நோட்டையும் வர்ணப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு வந்து, பெஞ்சுக்குச் சில அடி தள்ளி, மரத்துக்குப் பின்னால் அக்கா ஸ்டூலை விரித்தார். பக்கத்தில் அவள் நின்றாள். எதிரே தன் கடையில் கடிகாரக்காரர் ஒற்றைக்கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு குனிந்திருந்தார். கொஞ்ச நேரத்தில் அதைக் கழற்றிவிட்டுக் கண்ணைக் கசக்கிக்கொண்டே சாலையைக் கடந்து வந்தார். மரத்தின் பக்கம் அவர் திரும்பவே இல்லை. பெஞ்சில் உட்கார்ந்து தெருக்கோடியைப் பார்த்தார். நெற்றிச் சுருக்கம் ஒவ்வொன்றாக விட்டது. படத்தில் இருந்த அதே முகம்.

அவள் நேராகப் போய் முன்னால் நின்றாள். மனிதர் விழித்தார்.

“எதைப் பார்த்துக்கிட்டு இருந்தீங்க?”

“ஒண்ணுமில்லையே. அதோ கோடியில ஒரு தண்ணித்தொட்டி தெரியுது பாரு, அதைத்தான்.”

“தண்ணித்தொட்டியைப் பார்த்தா இப்படி ஒரு சந்தோஷமா?”

“சந்தோஷம் இல்லை. நாள் பூரா கடுகு மாதிரி சக்கரத்தையே பார்த்துப் பார்த்துக் கண்ணு எரியுது. தூரமா எதையாவது பார்த்தாத்தான் வலி விடுது. சாயங்காலம் ஆச்சுன்னா அதுவும் கேக்க மாட்டேங்குது, தலையைப் பிளக்குது.”

“வலிக்குதுன்னு என்கிட்ட ஏன் சொல்லலை?”

“சொன்னா கடையை மூடுன்னு சொல்லுவே. எனக்கு வேற என்ன தெரியும்?”

“என்மேலதான் வெறுப்புன்னு நினைச்சேன்” என்றாள். “தினமும் நினைச்சேன்.”

அவர் நகர்ந்து இடம் விட்டார். அவள் பையை நடுவில் வைத்து உட்கார்ந்தாள். “நாளைக்குக் கண் டாக்டர்கிட்ட போறோம்” என்றாள். அவர் தலையாட்டினார். பிறகு இரண்டு பேரும் தெருக்கோடியைப் பார்த்தார்கள். எப்போது என்று தெரியாமல் பை தரைக்குப் போனது.

அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. தாள் மங்கலாகத் தெரிந்தது; ஆனாலும் பேனா நிற்கவில்லை. இந்தத் தடவை பெஞ்சைத்தான் முதலில் அளந்து, முழு நீளத்துக்குப் போட்டார். இடையில் ஒருவர் வந்து பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார், பஸ் வந்ததும் எழுந்து போனார். அவரைப் பேனா தொடவில்லை. வர்ணம் பூசி, பொறுமையாகக் காயவிட்டார்.

அவள் எழுந்து வந்து தாளைக் கையில் வாங்கினாள். நிழலைப் பார்த்தாள். முகங்களைப் பார்த்தாள். தன் முகத்தைத்தான் அதிக நேரம் பார்த்தாள்.

“இதுல எதையும் சேர்க்கலையேக்கா?”

“இல்லைம்மா” என்றார் அக்கா. “ரெண்டு பேரும் இருந்தீங்க.”