பூட்டுக்கு ஒரு வாழ்த்துமடல்

வஞ்சப்புகழ்ச்சி அணியை இருபது வருடமாக ஒரே மாதிரிதான் நடத்திக்கொண்டிருந்தேன். புகழ்வது போலப் பழிப்பது. இலக்கணம், எடுத்துக்காட்டு, முடிந்தது. பிள்ளைகள் மனப்பாடம் செய்து எழுதிவிடும். ஒன்றுக்கும் சிரிப்பு வராது. போன வருடம் எனக்கே சலித்துப்போய், பத்தாம் வகுப்பில் புத்தகத்தை மூடச் சொன்னேன். "கல்யாண வீட்டில கண்ணாடிச் சட்டம் போட்டு வாசிச்சுக் குடுப்பாங்கல்ல, வாழ்த்துமடல், அது மாதிரி ஒண்ணு எழுதுங்க. ஒரு வார்த்தைகூடத் திட்டக் கூடாது. ஆனா படிச்சா சுருக்குன்னு இருக்கணும்."

கூமாப்பட்டியிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் தினமும் பஸ்ஸில் வரும் மாணவி ஒருத்தி தலைமையாசிரியருக்கே எழுதியிருந்தாள். 'எங்கள் கழிப்பறையைக் கண்ணெனக் காக்கும் பெருந்தகையே! தாங்கள் போட்ட பூட்டால் உள்ளே ஒரு துளி அழுக்கு உண்டா? சாவியைப் பையிலிருந்து இறக்கியதுண்டா? தண்ணீர்ச் சிக்கனத்தையும் பொறுமையையும் எங்களுக்கு அன்றாடம் பழக்கினீர். வாழிய பல்லாண்டு!'

படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். வகுப்புப் பலகையில் ஒட்டியும் வைத்தேன். கூத்து என்னவென்றால், ரவுண்ட்ஸ் வந்த தலைமையாசிரியர் அதைப் படித்துவிட்டு நிஜமான பாராட்டு என்றே நம்பிவிட்டார். அந்தப் பூட்டில் அவருக்கு அவ்வளவு பெருமை. திங்கட்கிழமை பிரேயரில் மைக் பிடித்துத் தானே ஏற்ற இறக்கத்தோடு வாசித்தார். இரண்டாவது வரியிலேயே பெண்பிள்ளைகள் சிரிக்க ஆரம்பித்தார்கள். முடிந்த பிறகு பி.டி. மாஸ்டர் அவர் காதில் ஏதோ சொன்னார். தலைமையாசிரியர் முகம் செத்துப்போனது.

"அப்பனக் கூட்டிட்டு வந்து டி.சி. வாங்கிட்டுப் போகச் சொல்லுங்க."

பொதுத்தேர்வுக்கு இரண்டே மாதம். "நான்தான் சார் எழுதச் சொன்னேன்" என்று போய் நின்றேன். "பாடம் நடத்தச் சொன்னா, புள்ளைகளத் தூண்டி விடுறீங்களா?" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ராஜபாளையம் பஸ்ஸில் வீடு சேரும் வரை அவரை மனதுக்குள் வைதுகொண்டே போனேன். ஆனால் அதைவிட ஆத்திரம் என் மேல்தான். டீச்சர்கள் கழிப்பறை தனி. அந்தப் பூட்டைத் தாண்டித்தான் தினமும் போய்வருவேன். ஒரு நாளாவது கேட்டேனா? சீ, நானெல்லாம் ஒரு டீச்சர்!

மறுநாள் அவளைக் கூட்டிக்கொண்டு அவள் அப்பா வந்தார். தென்னை ஏறுகிறவர். மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டு நின்றவரிடம் தலைமையாசிரியர் தாளை வீசாத குறையாகக் கொடுத்தார். அப்பா எழுத்துக்கூட்டி முழுக்க வாசித்தார்.

"நல்லாத்தான சார் எழுதியிருக்கா? ஒங்கள ஒசத்தித்தான சொல்லுதா?"

"ஏம்ப்பா, ஒனக்கு வெளங்கலையா?" மேசையில் ஓங்கி அடித்தார். "நான் கக்கூஸப் பூட்டிட்டு, சாவியப் பையில போட்டுக்கிட்டு, பொம்பளப் புள்ளைகள நாள் பூரா அடக்கிக்கிட்டு ஒக்கார வைக்கேன்னு சொல்லுதா!"

இருபது வருடத்தில் நான்கூட இவ்வளவு தெளிவாக விளக்கியதில்லை.

அப்பா மகளைப் பார்த்தார். அவள் தலை நிமிரவில்லை.

"அப்ப, பூட்டித்தான் வச்சிருக்கீகளா சார்?"

தலைமையாசிரியர் பேனா மூடியைத் திருகினார்.

"மாசம் ரெண்டு தடவ நீர்க்கடுப்புன்னு அழுவா. ஒடம்புச் சூடுன்னு நெனச்சு, தெனமும் ரெண்டு இளநி வெட்டிக் குடுத்துல்ல பஸ் ஏத்தி விடுதேன்." அவர் குரல் உடைந்தது. "அம்புட்டையும் குடிச்சிட்டு இங்க வந்து அடக்கிக்கிட்டா இருந்தா எம்மக?"

கையெழுத்துப் போடாத டி.சி. மேசையில் கிடந்தது. "சாவியக் குடுங்க சார்" என்றேன். தலைமையாசிரியர் டி.சி.யை இழுப்பறைக்குள் தள்ளிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சாவியை எடுத்துத் தந்தார்.

நானே போய்த் திறந்தேன். உள்ளே ஒரு துளி அழுக்கில்லை. அவள் எழுதியதில் ஒரு வார்த்தை பொய்யில்லை.