உயிரோடு இருந்தவர்களுக்கு அப்பா செய்த மலர்

எங்கள் அப்பா சாவகச்சேரியைப் பிறப்பிடமாகவும் வெம்பிளியை வதிவிடமாகவும் கொண்டு வாழ்ந்து, சென்ற ஆண்டு எங்களை விட்டுப் பிரிந்தார். இப்படியான வசனங்களை அப்பாவே எத்தனையோ குடும்பங்களுக்காக எழுதிக் கொடுத்திருக்கிறார். இலண்டனில் இறந்துபோன நம்மவர்கள் பலரின் நினைவு மலர்கள் அவருடைய சிறிய அச்சகத்தில்தான் உருவாகின. இப்போது உங்கள் கையில் இருக்கும் மலரின் அமைப்பும் அவருடையதே.

அப்பா நான்கு பிள்ளைகளில் மூன்றாமவர். பள்ளியில் படிக்கும்போதே தகப்பனாரை இழந்ததால், யாழ்ப்பாணத்தில் ஓர் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். போர் அவரை இங்கே கொண்டுவந்தது. பெற்றோல் நிலையத்தில் பல வருடங்கள் ஷிப்ட் வேலை பார்த்த பிறகே தமக்கென்று ஓர் அச்சகம் வைத்தார். கோபம் வந்தால் பேசமாட்டார். அச்சில் ஓர் எழுத்துப் பிழைத்தாலும் அடித்த தாள் முழுவதையும் கிழித்துவிட்டு மறுபடி அடிப்பார்.

நினைவு மலரில் குறைகளை எழுதுவது வழக்கமில்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்லாவிட்டால் மீதி விளங்காது. கறுப்பின மக்களைப் பற்றி நம்மவர்கள் வீட்டுக்குள் பேசும் பேச்சை அப்பாவும் ஒருகாலம் பேசியவர்தான். என் தம்பி பிறந்த நாளோடு அது நின்றது. பிரசவம் சிக்கலாகி அம்மா பயந்துபோய்க் கிடந்தபோது, பார்படோசிலிருந்து வந்த பியூலா என்ற மிட்வைஃப், தம் ஷிப்ட் முடிந்த பிறகும் வீட்டுக்குப் போகாமல் அம்மாவின் கையைப் பிடித்தபடி நின்றார். கொடி சுற்றிப் பிறந்த தம்பியை அழ வைத்ததும் அவரே. வெம்பிளியில் நம் தாய்மார் பலருக்கு மிஸ் பியூலாவை நன்றாகத் தெரியும்.

ஓய்வு பெற்றபின் அவர் நூலகத்தில் தொண்டராக இருந்தார். சில ஆண்டுகளுக்கு முன், ஓர் ஒக்டோபரில், எங்கள் பகுதியில் பல துறைகளில் சாதித்த கறுப்பின மக்களைக் கொண்டாட ஒரு கண்காட்சி ஒழுங்கு செய்தார். தம்மையும் சேர்த்து எட்டுப் பேருக்குப் படத்துடன் பதாகை வேண்டுமென்று அப்பாவிடம் வந்தார். அப்பா உடனே ஒப்புக்கொண்டார்.

நினைவு மலருக்குக் குடும்பத்தாரிடம் விவரம் கேட்பது போலவே ஒவ்வொருவரையும் இருத்திவைத்துக் கேட்டார். எந்த ஊர், தாய் தகப்பன் யார், யாரிடம் படித்தீர்கள், யாருக்கு உதவினீர்கள்? நான் பக்கத்தில் இருந்து மொழிபெயர்த்தேன். கானாவிலிருந்து வந்த ஒருவர் பச்சைக் குழந்தைகளின் தேசிக்காய் அளவு இதயங்களைத் திறந்து சீர்செய்யும் வைத்தியர். நீதிபதியான ஒரு பெண்ணின் தாயார் முன்பு நீதிமன்றத்தைத் துப்புரவு செய்தவர். ஜுபிலி லைனில் ரயில் ஓட்டும் ஒரு பெண் ஓய்வு நேரங்களில் கணிதம் படித்து முனைவர் பட்டம் பெற்றிருந்தார். பாலம் கட்டும் பொறியியலாளர், வயலின் செய்பவர், தாவரவியல் ஆய்வாளர் என்று ஒவ்வொருவராக வந்துபோக, அப்பா வியப்பை மறைக்கவில்லை.

"பிள்ளை, இந்தச் சனம் கை வைக்காத துறை ஒண்டும் இல்லைப் போல கிடக்கு. நாங்கள் இவ்வளவு காலமும் பக்கத்தில இருந்தும் கண்ணை மூடிக்கொண்டெல்லோ இருந்திருக்கிறம்."

கலியாணக் கார்ட் எடுக்க வந்த ஒருவர் மேசையில் கிடந்த படங்களைப் பார்த்து, "என்ன அண்ணை, இவையளுக்கும் இப்ப நீங்கள்தானோ?" என்று சிரித்தார். அப்பா தலை நிமிராமலே, "உம்மட மூத்தவளை முதல் கையில ஏந்தினது ஆரெண்டு வீட்டில கேட்டுப் பாரும்" என்றார். அவர் கார்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பதாகைகள் மிக அழகாக வந்தன. நீள்வட்டத்துக்குள் படம். சுற்றிலும் மல்லிகை மாலை. இரு பக்கமும் எரியும் குத்துவிளக்கு. கீழே ஆங்கிலத்தில், இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் வெம்பிளியை வதிவிடமாகவும் கொண்டவர். ஆம், அச்சு அசலாக நினைவு மலர். அது பிழையென்று அப்பாவுக்கும் படவில்லை, எனக்கும் படவில்லை. பழகிய கண் அப்படி.

திறப்பு நாள் காலை, நூலகத்துக்குப் புத்தகம் திருப்பிக் கொடுக்க வந்த எங்கள் தெருப் பரமேஸ் மாமி மிஸ் பியூலாவின் பதாகைக்கு முன் நின்று தலையில் அடித்துக்கொண்டார்.

"ஐயோ மிஸ் பியூலா! என்ர ரெண்டு பிள்ளையளையும் எடுத்த கையெல்லோ! எனக்கு ஆரும் ஒரு சொல்லுச் சொல்லேல்லையே!"

தேநீர்க் கோப்பையோடு உள்ளேயிருந்து வந்தவர் மிஸ் பியூலாவேதான். மாமி அவரைக் கட்டிப்பிடித்து மறுபடி அழுதார்.

அப்பாவுக்கு முகத்தில் ஈயாடவில்லை. இன்னும் ஒரு மணித்தியாலத்தில் எட்டுக் குடும்பங்களும் வரப்போகின்றன. கதிரையில் ஏறிப் பதாகைகளைக் கழற்றத் தொடங்கினார். மிஸ் பியூலா காரணம் கேட்டார். இது எங்களில் இறந்தவர்களுக்குச் செய்வது என்று அப்பா தட்டுத்தடுமாறிச் சொன்னார்.

"அதை அவர்கள் வாசிப்பார்களா?" என்று மிஸ் பியூலா கேட்டார்.

"இறந்தவர் எப்படி வாசிப்பார்?"

"அப்படியானால் என்னுடையதைக் கழற்றாதீர்கள். நான் வாசித்துவிட்டேன். எத்தனையோ பிரசவம் பார்த்திருக்கிறேன். ஒருவரும் என் தாயாரின் பெயரைக் கேட்டு எழுதியதில்லை."

முதலில் வந்து சேர்ந்த கானா வைத்தியர் விழுந்து விழுந்து சிரித்தார். தங்கள் ஊரிலும் மரண அறிவித்தல் இப்படித்தான் இருக்கும், தம் அம்மா கண்டால் காதைத் திருகிவிடுவார், விளக்கை மட்டும் எடுத்துவிடுங்கள் என்றார். மாலை உயிரோடிருப்பவர்களுக்கும் போடுவதுதானே. அப்பா கத்தரிக்கோலால் பதினாறு விளக்குகளையும் வெட்டி எடுத்தார். ஒல்லியாகிப்போன பதாகைகளோடு கண்காட்சி நடந்தது. நீதிபதியின் தாயார் மகளின் பதாகையை மூக்குக்கண்ணாடி போட்டு முழுவதும் வாசித்துவிட்டு, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் விடவில்லை.

அன்று வீடு திரும்பும்போது நான் சொன்னேன், "அப்பா, உங்களைப் பற்றியும் நான் எழுதித் தாறன். நீங்களே வாசியுங்கோ."

"நான் என்ன பெரிசாச் செய்துபோட்டன்?" என்றார். ஆனால் முகம் மலர்ந்தது. அதன்பிறகு இரண்டு தடவை, "எழுதினனியோ பிள்ளை?" என்று கேட்டார். வேலை, பிள்ளைகள், பிறகு பார்ப்போம் என்று இருந்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் மூன்றாவது தடவை கேட்டபோது, "இன்னும் கொஞ்சம் கிடக்கு அப்பா" என்று பொய் சொன்னேன். ஒரு வரியும் எழுதியிருக்கவில்லை. அந்தக் கட்டுரைதான் இது. இதைப் பிழை திருத்த அவர் இல்லை என்பதை என்னால் தாங்க முடியவில்லை.

அப்பாவைக் கடைசிவரை பராமரித்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், சாப்பாடு கொண்டுவந்து தந்த அயலவர்களுக்கும், இறுதிக் கிரியைகளில் தோள் கொடுத்த உறவினர்களுக்கும், அம்மாவுக்குத் துணையாக எங்கள் வீட்டில் வந்து தங்கிய மிஸ் பியூலாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அம்மாவைப் பற்றிய கட்டுரையையும் சென்ற கிழமை எழுதி முடித்து அவர் கையிலேயே கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரி வரை வாசித்தார்.

"சமையலைப் பற்றி ரெண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். இருபது வருசமா நான் ஆஸ்பத்திரி லோண்டரியில துணி தோய்க்கிற வேலைக்குப் போனது எங்க?" என்று கேட்டார்.

அன்றைக்கே அதை எழுதிச் சேர்த்து, அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.