ஆஃப்ரா வீட்டுக்குப் போன உருண்டைகள்

பக்கத்து வீட்டு ஆஃப்ராவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் என் வாய் கோணிக்கொள்ளும். ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கிறது. அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு முற்றம், அவ்வளவுதான். பனி கொட்டும் நாட்களில் நான் எழுந்து கதவைத் திறப்பதற்குள் அவள் பக்கத்தோடு என் பக்கத்தையும் சேர்த்து வழித்துத் தள்ளியிருப்பாள். நன்றி சொல்ல மனசு வராது, திட்டவும் வழி இருக்காது. அப்படி ஒரு ஜென்மம்.

மலைமேல் பண்ணையில் ஏழாவது பிள்ளையாகப் பிறந்தவள். பதினாறு வயதில் மலைமேல் ஆட்களை ஏற்றும் கம்பி லிஃப்ட்டின் நடு நிலையத்தில் இருக்கும் சாப்பாட்டுக் கடைக்குப் பாத்திரம் கழுவப் போனாள். பிறகு அடுப்படிக்கு வந்து முப்பத்தைந்து வருஷம் அங்கேயே நின்றாள். பனிச்சறுக்குச் சரிவைச் சமப்படுத்தும் வண்டி ஓட்டின அவள் புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். அவனுடைய சிவப்பு ஜாக்கெட்டைத்தான் இன்றைக்கும் மாட்டிக்கொண்டு திரிகிறாள். ஒரே மகள் இன்ஸ்ப்ரூக் பட்டணத்தில். அவள் வீட்டு மாடியில் இரண்டு அறை, தனி அடுப்பு, தனிப் படிக்கட்டு, எல்லாம் சும்மா கிடக்கிறது. ஸ்கீ விளையாட வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடு என்று ஊரே சொல்லிப் பார்த்தது. கேட்கவில்லை. சிரிப்பு மட்டும் ஊரைக் கூட்டும் சிரிப்பு. என் ஜன்னலை மூடி வைத்தாலும் உள்ளே வந்துவிடும்.

முன்பெல்லாம் நாங்கள் தட்டு மாற்றிக்கொள்வது உண்டு. ஒருநாள் என் வீட்டுக்காரர் வின்சென்ஸ் என் சூப்பைக் குடித்துக்கொண்டே, "என்ன இருந்தாலும் சூப்புன்னா அது ஆஃப்ரா வெக்கிற சூப்புதான்" என்றார். அன்றோடு தட்டுப் போக்குவரத்து நின்றது. முப்பது வருஷமாகிறது. அவர் சொன்னது தப்பா என்று கேட்காதீர்கள்.

நான் எங்கள் மாடியை வாடகைக்கு விடுகிறேன். வருகிறவர்கள் அங்கே தாங்களே சமைத்துச் சாப்பிட்டுக்கொள்ள வேண்டும். ஆனால் சனிக்கிழமை வந்து இறங்கியதும் முதல் சாப்பாடு என் கையால்தான். பழைய ரொட்டி, பால், முட்டை, நறுக்கிய, புகையூட்டிய பன்றிக்கறி எல்லாம் பிசைந்து உருட்டி, மாட்டெலும்புச் சூப்பில் மிதக்கவிட்டு, ஒரு பானை நிறையக் கொண்டுபோய்க் கொடுப்பேன். யாரும் மிச்சம் வைத்தது கிடையாது.

முக்கியமாக ஹோக்ஸ்ட்ரா குடும்பம். ஹாலந்துக்காரர்கள். யெல்லே, அவர் மனைவி ஃபெம்கே, மகள் நின்கே. நின்கே கைக்குழந்தையாக இருந்த வருஷம் தொடங்கி ஒவ்வொரு பிப்ரவரியும் என் மாடிதான். இங்கே உருளைக்கிழங்கே விளையாது என்று யாரோ சொன்ன மாதிரி ஊரிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு வருவார்கள். வெங்காயம், பருப்பு, வேர்க்கடலை வெண்ணெய், ஒரு முழு சீஸ் சக்கரம் எல்லாம் காரில் இருக்கும். அவர்கள் குப்பைக்கூடையில் ஒரு எலும்புத் துண்டுகூட இருக்காது. பாவம், சிக்கனமான மனிதர்கள் என்று நினைத்திருந்தேன்.

அவர்களிடம் ஒரே ஒரு குறை. திங்கட்கிழமை ஆனால் மூன்று பேரும் ஆஃப்ரா வீட்டுக்குப் போய் உட்கார்ந்துவிடுவார்கள். என் விருந்தாளி, என் மாடி, சிரிப்பு மட்டும் அவள் வீட்டில்! நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்ப்பேன். வயிறு எரியும். வின்சென்ஸ், "நீயும் போய் உக்காரேன்டி" என்பார். "என்னை யாரு கூப்பிட்டா?" என்பேன்.

இந்த பிப்ரவரி அவர்களுக்கு இருபத்தைந்தாவது தடவை. அப்படி வருகிறவர்களுக்கு எங்கள் ஊரில் பாராட்டு உண்டு. ஊர்க்கூடத்தில் சான்றிதழ் கொடுத்து, சட்டையில் வெள்ளிப் பதக்க ஊசி குத்தி, வீட்டுச் சொந்தக்காரர்களோடு நிற்கவைத்துப் படம் பிடித்து ஊர்ப் பத்திரிகையில் போடுவார்கள். எனக்குப் புது ஜாக்கெட்டே தைத்தாயிற்று. அந்த நேரத்தில் சுற்றுலா அலுவலகத்துப் பெண் மக்தலேனா போன் போட்டாள்.

"ஆக்னஸ் அத்தை, ஹோக்ஸ்ட்ரா வீட்டுக்காரங்க ஒண்ணு கேட்டிருக்காங்க. ஆஃப்ரா அத்தையும் படத்துல நிக்கணுமாம்."

"எதுக்கு? அவ என்ன பண்ணினா?"

"அது எனக்குத் தெரியாது அத்தை. கேட்டாங்க, சொல்லிட்டேன்."

போனை வைத்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. காலி மாடி, தனி அடுப்பு. இருபத்தைந்தோடு என் கணக்கை முடித்துவிட்டு அடுத்த வருஷம் அங்கே போகப் போகிறார்கள்!

சனிக்கிழமை வந்தார்கள். கட்டிப்பிடித்தார்கள். வழக்கமாகக் கார் கதவைச் சாத்தும் முன்பே ஃபெம்கே, "அடுத்த வருஷமும் இதே வாரம்தான்க்கா, எழுதிக்கோங்க" என்று சொல்லிவிடுவாள். இந்தத் தடவை சொல்லவில்லை. நான் பானையைக் கொடுத்துவிட்டுக் கீழே வந்து, மனசு கேட்காமல் ஜன்னலில் நின்றேன். அரை மணி நேரம் இருக்கும். ஃபெம்கே பின்படி வழியாக இறங்கினாள். கையில் துணி போட்டு மூடிய பானை. என் பானை! நேராக ஆஃப்ரா வீட்டுக்குள் நுழைந்தாள், வெறுங்கையோடு வெளியே வந்தாள்.

அவள் மாடியேறும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். பிறகு செருப்போடு பனியில் இறங்கி ஓடினேன். கதவைத் தட்டவில்லை. ஆஃப்ரா மேசையில் உட்கார்ந்து, கழுத்தில் துண்டு கட்டி, என் உருண்டையைக் கரண்டியால் பிளந்துகொண்டிருந்தாள்.

"எத்தனை நாளாடி நடக்குது இது?"

அவள் வாயில் இருந்ததை மென்று விழுங்கினாள். அவசரமே இல்லை. "பதினஞ்சு வருஷம்."

"என்னது?"

"அவங்க கறி தின்றதில்லடி. பதினஞ்சு வருஷமா. அந்தப் புள்ளைய உங்க தொழுவத்துக்குக் கூட்டிட்டுப் போயிப் பன்னிக்குட்டி காட்டினியே, ஞாபகம் இருக்கா? அவளுக்கு அப்ப ஒம்பது வயசு. அதைத் தூக்கிக் கொஞ்சிட்டிருந்தப்ப, அடுத்த வருஷம் நீ வரும்போது இது உருண்டைக்குள்ள இருக்கும்னு சொன்னியாமே? அன்னைக்கே விட்டுட்டா. ஆத்தா அப்பனும் அவளோட சேந்து விட்டுட்டாங்க. உங்கிட்ட சொன்னா மனசு நொந்துபோவன்னு எங்கிட்ட வந்து, இதை எங்க கொட்டறதுன்னு கேட்டாங்க. ஆக்னஸ் உருண்டையக் கொட்டறதா? இங்க கொண்டாங்கன்னேன்."

"திங்கட்கிழமை?"

"அன்னைக்கு நான் அவங்களுக்கு சீஸ் உருண்டை தட்டிப் போடுவேன். நெய்ல."

நான் சொன்னது உண்மைதான். சொன்னேன். எங்கள் பண்ணைப் பிள்ளைகளிடம் அப்படித்தானே சொல்வோம்? ஆனால் அன்றைக்கு எனக்குப் பன்றிக்குட்டி பெரிதாகப் படவில்லை. பதினைந்து வருஷமாக என் வீட்டு ரகசியம் இவள் வீட்டில் இருந்திருக்கிறது. அதுதான் பற்றி எரிந்தது.

"இத்தனை வருஷம் வாயத் திறக்கலையே, பாவி!"

"திறந்தா நீ கறி போடறத நிறுத்திடுவ. அப்புறம் எனக்கு என்ன கிடைக்கும்?" என்று சொல்லிவிட்டு அடுத்த உருண்டையைப் பிளந்தாள்.

மறுநாள் காலையில் கச்சை கட்டிக்கொண்டு இறங்கினேன். சீஸ் உருண்டை என்ன பெரிய வித்தையா? கறியை விட்டேன், மலைச்சீஸைத் துருவிப் போட்டேன், வெங்காயத்தாள் போட்டேன், தட்டி நெய்யில் பொரித்தேன். அருமையாக வந்தது. பானையில் சூப்பை ஊற்றி உருண்டைகளைப் போட்டு மாடிக்குக் கொண்டுபோய், "துளி கறி கிடையாது!" என்று வைத்தேன். ஃபெம்கேயின் முகம் சிவந்தது. நின்கே என் கழுத்தைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுத்தாள். ஜெயித்துவிட்டேன் என்று இறங்கி வந்தேன்.

கால் மணி நேரம். பின்படியில் காலடிச் சத்தம். ஃபெம்கே, துணி, பானை.

அவள் முற்றத்தின் நடுவில் இருக்கும்போதே நான் கதவைத் திறந்தேன். அந்தப் பக்கம் ஆஃப்ராவும் ஜன்னலைத் திறந்தாள். ஃபெம்கே பானையோடு எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் சிலை மாதிரி நின்றாள்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. உருண்டை நல்லாத்தான் இருக்கு. சூப்புதான்..."

"சூப்புல என்ன? எலும்பெல்லாம் எடுத்துப் போட்டுட்டேனே!"

ஆஃப்ரா ஜன்னல் கட்டையில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "எலும்ப எடுத்துட்டாளாம்! மாட்டுக்குத் தெரியுமாடி அது?" வின்சென்ஸும் என் முதுகுக்குப் பின்னால் சிரித்தார். நான் கதவை அறைந்து சாத்தினேன். அழுகை வந்தது, ஒளிப்பானேன். இனி எதை வைத்து இவர்களை இங்கே நிறுத்துவேன்?

வியாழக்கிழமை மாலை பாராட்டு. ஊர்க்கூடத்தில் நான் புது ஜாக்கெட்டில் விறைப்பாக நின்றேன். ஆஃப்ரா புருஷனுடைய சிவப்பு ஜாக்கெட்டில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கூப்பிட்டபோது கையை ஆட்டி, "நானா வாடகைக்கு விட்டேன்? அவளையே படம் புடிங்க" என்று வர மறுத்துவிட்டாள். பதக்க ஊசியைக் குத்தினார்கள். மக்தலேனா காமிராவைச் சரிசெய்துகொண்டிருந்தாள். நான் ஃபெம்கேயின் காதில் கேட்டே விட்டேன்.

"அடுத்த வருஷம் அவ மாடிக்குத்தானே போறீங்க? மூஞ்சிக்கு நேரா சொல்லிடு."

ஃபெம்கே என்னைப் பார்த்து விழித்தாள். "உங்களுக்கு ஆஃப்ராக்கா சொல்லலையா? ரெண்டு வருஷம் முன்னாடி நாங்களே கேட்டோம்க்கா. பொய் சொல்லிச் சொல்லி எங்களுக்கே வெக்கமாயிடுச்சு. அங்க போயிட்டா பானையைத் தூக்கிட்டு ஒளிய வேண்டாம்ல. அவங்க எங்களை அடுப்படிய விட்டே விரட்டிட்டாங்க."

"ஏனாம்?"

"நீங்க இங்க வந்துட்டா ஆக்னஸ் பானை எனக்கு எப்படி வரும்? வருஷத்துக்கு ஒரு தடவைதான் அந்த உருண்டை கிடைக்குது, அதையும் கெடுக்காதீங்கன்னு சொன்னாங்க." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உண்மையைச் சொல்லிட்டு அப்புறம் கேக்கலாம்னுதான் வந்தன்னைக்குச் சொல்லல. அடுத்த வருஷமும் இதே வாரம்க்கா. பானை மட்டும் வேண்டாம்."

மக்தலேனா எல்லாரையும் சிரிக்கச் சொன்னாள். எனக்குச் சிரிக்க வரவில்லை. முப்பது வருஷமாக அவள் என்னுடையதை எல்லாம் பறிக்கிறாள் என்று வெந்து செத்திருக்கிறேன். அவள் கேட்டதோ நான் வாரா வாரம் முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் வாரிக் கொடுத்த ஒரு தட்டு. பத்தடி தள்ளி இருந்தவளுக்கு மட்டும் நான் கொடுக்கவில்லை. ஊர்ப் பத்திரிகையில் வந்த படத்தில் நான் பல்வலிக்காரி மாதிரி நிற்கிறேன்.

சனிக்கிழமை ஹோக்ஸ்ட்ரா குடும்பம் கிளம்பிப் போனது. புது விருந்தாளிகள் மூன்று மணிக்குத்தான் வருவார்கள். பன்னிரண்டு மணிக்கே உருண்டைகளை வேகவைத்து, முதல் நான்கை எடுத்துத் தனியாகச் சூப்பு ஊற்றினேன். துணி போட்டு மூடவில்லை. முற்றத்தைக் கடந்து, இந்தத் தடவை கதவைத் தட்டினேன்.

ஆஃப்ரா திறந்தாள். பாத்திரத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், என் தோளுக்கு மேல் எட்டி எங்கள் மாடியைப் பார்த்தாள்.

"யாரு வேண்டாம்னாங்க?" என்று கேட்டாள்.

"யாரும் வேண்டாங்கல. உனக்குத்தான் வெச்சேன்."

அவள் சிரிக்கவில்லை. பாத்திரத்தை வாங்காமல், ஜாக்கெட் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, கதவை விட்டு ஓரமாக நகர்ந்து வழிவிட்டாள்.